வழங்குசொல்லும் வழிமாற்றும்: தமிழ் விக்கிப்பீடியாவில் தேடல்



சிவகாசியைச் சூழ்ந்த ஊர்களில் ‘மருந்து’ என்னும் சொல் நாள்தோறும் இரு பொருளில் வழங்கி வருகிறது. காய்ச்சலுக்கு வாங்குவதும் மருந்து. ஓலைக்குள்ளும் காகிதக் குழலுக்குள்ளும் அடைப்பதும் மருந்து. ‘மருந்து அறை’ என்று ஒருவர் கூறினால், அது மருத்துவமனையின் அறையா, வெடிக்கலவை கலக்கும் அறையா என்று கேட்டவர் எவரும் ஐயுறுவதில்லை. சொல்பவர் யார், சொல்லும் இடம் எது, எந்நேரம் என்பவற்றைக் கொண்டே பொருள் தெளிந்துவிடும். கணிப்பொறியில் ‘மருந்து’ என்று எழுதித் தேடும்போது இம்மூன்றும் இல்லை. நான்கெழுத்துகள் மட்டுமே அதன் முன் நிற்கின்றன. அந்நான்கெழுத்துகளிலிருந்து தேடியவர் வேண்டிய பக்கத்தை அஃது எவ்வாறு கண்டெடுக்கும், கண்டெடுக்கத் தவறும்போது அத்தவற்றைத் திருத்த வேண்டியவர் யார் என்பதே இவ்வுரையின் பொருள்.

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் இத்தகைய பொருள் ஏன் என்னும் வினா எழலாம். நிரலாளர் பார்த்துக்கொள்ள வேண்டியது எனப் புலவர் ஒதுக்கிவிட்ட பொருள் இது. ஆனால் தேடுதல் என்பது தமிழ்ப் புலமையின் பழந்தொழில்களுள் ஒன்று. திவாகரமும் பிங்கலந்தையும் செய்யுளில் இயன்றமையால் அவற்றை மனப்பாடம் செய்தவர் சொல்லைத் தம் நினைவிலே தேடினர். மண்டல புருடர் சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியை எதுகை முறையில் அமைத்தார். ஓசையைப் பற்றிக்கொண்டு பொருளை அடையும் வழி அது. 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை அகர வரிசையில் வைத்தது. 1732-இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியோ பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வாயில்களை ஒருங்கே திறந்தது. சொல் தெரிந்து பொருள் தெரியாதவர் ஒரு வாயிலிலும், பொருள் தெரிந்து சொல் தெரியாதவர் மற்றொரு வாயிலிலும் நுழையலாம். எதுகை தேடும் கவிஞர்க்கும் தனி வாயில் உண்டு. தேடுவோர் ஒரே தன்மையர் அல்லர் என்பதை இருநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகட்கு முன்பே உணர்ந்திருந்த நூல் அது. இன்றைய தேடுபொறிகள் பலவற்றுக்கு அவ்வுணர்வு இன்னும் முழுமையாக வாய்க்கவில்லை.

1910-இல் சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியும், அதன் பின்னர் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகப் பெரியசாமித் தூரன் பொறுப்பில் வெளிவந்த கலைக்களஞ்சியமும் பெற்றிருந்த இடத்தில், இன்று மாணவர் முதலில் நாடுவது தமிழ் விக்கிப்பீடியாவே. 2003-இல் தொடங்கிய இதனை முதலாண்டுகளில் கட்டியெழுப்பியவர்களுள் தலையாயவர் இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன். ஊதியம் கருதாத தன்னார்வலர் உழைப்பால் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதில் உள்ளன. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். தொகுப்பாளர்கள் கூடிப் பேசும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயரிட்டிருப்பது மனத்துக்கு இனியது. எனினும் அச்சிட்ட கலைக்களஞ்சியத்தைப் புரட்டுவோர் தேடாத ஒன்றைத் தற்செயலாகக் கண்டடைவதுண்டு. விக்கியில் புரட்டுதல் அரிது. தேடற்பெட்டியில் இட்ட சொல் கதவைத் திறக்காவிடில், உள்ளே எத்துணைச் செல்வம் இருப்பினும் வந்தவருக்கு அஃது இல்லாததே.

தேடல் எவ்வாறு இயங்குகிறது? சங்க நூற்களுக்குச் சொல்லடைவு செய்தோர் மேற்கொண்ட முறையே அடிப்படை. எந்தச் சொல் எப்பக்கத்தில் வருகிறது என்று முன்கூட்டியே பட்டியல் செய்து வைத்துக்கொண்டு, கேட்கும்போது பட்டியலை மட்டும் பார்ப்பது. 2013, 2014 ஆம் ஆண்டுகளில் விக்கிமீடியா நிறுவனம் தன் பழைய தேடல் அமைப்பை நீக்கி, ‘எலாஸ்டிக்சர்ச்’ என்னும் மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட புதிய அமைப்பை எல்லா மொழிகளுக்கும் கொணர்ந்தது. தலைப்பில் வரும் சொல்லுக்கு உடலில் வரும் சொல்லைவிட மதிப்பு மிகுதி. பல பக்கங்கள் சுட்டும் பக்கத்துக்கு முன்னுரிமை. இவை பொதுவிதிகள். தமிழின் இடர்ப்பாடு இதற்கு முன்னரே, ‘சொல்’ எது என்று அறுதியிடும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

வாணம் என்னும் பெயர் வாணத்தை, வாணத்தின், வாணங்கள், வாணங்களுக்கு என வேற்றுமையும் பன்மையும் ஏற்றுப் பலவடிவாய் நிற்கும். சொல்லடைவு செய்த புலவர் இவையனைத்தையும் ‘வாணம்’ என்னும் ஒரு தலைச்சொல்லின் கீழ் வைப்பார். கற்பிக்கப்படாத பொறியோ இவற்றைத் தொடர்பற்ற தனித்தனிச் சொற்களாகவே கொள்ளும். சொல்லின் பின்பகுதி தெரியாதவிடத்து உடுக்குறி இட்டுத் தேடும் வசதி உண்டு. ‘வாண’ என எழுதி உடுக்குறி இட்டால் மேற்கண்ட வடிவங்கள் எல்லாம் அகப்படும். இதே முறையில் ‘விருதுநகர்’ என்று எழுதி உடுக்குறி இட்டுப் பார்ப்பவர் ஏமாறுவார். விருதுநகரில், விருதுநகரின் என்பன அதில் வாரா. காரணம் புள்ளி. ஒருங்குறியில் ‘ர’ என்பது முதலெழுத்து. அதன்மேல் இடும் புள்ளி தனியொரு குறியீடு. ‘ரி’ என்பதில் அப்புள்ளி இல்லை, இகரக் குறியே உண்டு. ஆகவே புள்ளியை நீக்கி ‘விருதுநகர’ என எழுதி உடுக்குறி இட்டாலே எல்லா வடிவங்களும் வரும். மெய்யே முதல், உயிர் அதன்மேல் ஏறும் என்பது தமிழிலக்கணத்தின் வைப்பு. அகரமேறிய மெய்யே முதல், புள்ளி பின்னர் என்பது குறியேற்றத்தின் வைப்பு. ஓலைச்சுவடிகளில் புள்ளியின்றி எழுதப்பட்ட எழுத்தை மெய்யா உயிர்மெய்யா என்று உய்த்துணர்ந்து படித்த பதிப்பாசிரியர்களின் பேரர்கள், இன்று தேடுவதற்காகப் புள்ளியைத் தாமே அழிக்க வேண்டியிருப்பது விந்தையே.

உருபுகளைக் களைந்து வேர்ச்சொல்லை எடுக்கும் நிரல்களும் உள்ளன. ‘ஸ்னோபால்’ என்னும் பன்மொழித் தொகுப்பில் தமிழுக்குரியதும் ஒன்றுண்டு. இவை இன்றியமையாதன; ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு நம்பத்தக்கன அல்ல. விருதுநகர்ச் சந்தையில் விலைபோகும் கடலையை எடுத்துக்கொள்வோம். ஐகாரத்தை உருபெனக் கருதி வெட்டும் நிரல், கடலை தேடி வந்த வணிகரைக் கடலிற் கொண்டுபோய்த் தள்ளிவிடும். அதே சந்தையின் ‘மல்லி’ கொத்தமல்லி விதையைக் குறிக்கும். பிறிதோரிடத்தில் அது பூவைக் குறிக்கும். திருவில்லிபுத்தூரை அடுத்து மல்லி என்றோர் ஊரே உண்டு. வணிகர் ‘வத்தல்’ என்பார், நூல்கள் ‘வற்றல்’ என்னும். இந்நான்கையும் தீர்க்கப் பொதுவிதி ஒன்று போதாது. விதி வகுப்பவர்க்குக் கடலையும் தெரிந்திருக்க வேண்டும், சந்தையும் தெரிந்திருக்க வேண்டும்.

ஊர்ப்பெயர்களுக்கு வருவோம். இங்கே வரலாறே தேடுவோரின் வழியில் குறுக்கே நிற்கிறது. சிவகாசியோடு 2021-இல் ஒரே மாநகராட்சியாய் இணைந்த திருத்தங்கலை எழுதும் வகைகள் பல: திருத்தங்கல், திருத்தங்கால், திருத்தண்கால். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் அது தங்கால் என வருகிறது. நூற்றெட்டுத் திருப்பதிகளைப் பாடும் வைணவ மரபில் அது திருத்தண்கால். சங்கத் தொகை நூல்களில் தங்கால் முடக்கொல்லனார், தங்கால் பொற்கொல்லனார் என ஊரொடு சார்த்திப் புலவர் பெயர்கள் வழங்குகின்றன. அத்தங்கால் இத்திருத்தங்கலே எனக் கொள்ளும் மரபும் உண்டு. தொடர்வண்டி நேரம் தேடுபவரும், திவ்வியதேசம் தேடும் அடியாரும், புலவர் ஊர் ஆராயும் மாணவரும் ஒரே ஊரையே வேறுவேறு பெயரால் அழைக்கின்றனர். மூவரும் ஒரே பக்கத்துக்கு வந்து சேர்ந்தால்தான், தாம் நிற்கும் ஊரின் மறுபக்கங்களை அவர்கள் அறிய நேரும்.

திருவில்லிபுத்தூரின் நிலை இன்னும் சிக்கலானது. திருவில்லிபுத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், சிறீவில்லிபுத்தூர், வெறும் வில்லிபுத்தூர் என நால்வகை எழுத்து ஒருபுறம் இருக்க, ‘ஸ்ரீ’ என்னும் ஓரெழுத்தையே கணிப்பொறியில் இருவகைக் குறியீட்டால் அமைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விருதுநகரின் கௌசிகா ஆற்றுக்கும் இவ்விடர் உண்டு. ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் வடிவில் ஒத்திருத்தலால், தட்டச்சிடுவோர் பலர் ஒற்றைக் கொம்பிட்ட ககரத்தின் பின் ளகரத்தை இட்டுவிடுகின்றனர். படிப்பவர் வேறுபாடு காணார். பொறிக்கோ அது வேறு சொல். ‘கவுசிகா’ என எழுதுவாரும் உளர். மாவட்டத்தின் பெயரையும் மறத்தலாகாது. 1985 வரை இராமநாதபுரம் மாவட்டம், பின்னர்க் காமராஜர் மாவட்டம், 1997 முதல் விருதுநகர் மாவட்டம். 1990-இல் அச்சான ஒரு கதைத்தொகுதியின் முன்னுரையில் ‘காமராசர் மாவட்டம்’ என்று கண்டு தேடும் இளைஞர் அம்மாவட்டம் எங்கே போயிற்று என்று திகைத்தல் கூடாது.

எழுத்தாளர் பெயர்களிலும் இஃது உண்டு. சாகித்திய அக்காதெமி விருதினை 2007-இல் ‘மின்சாரப் பூ’ என்னும் தொகுதிக்காகப் பெற்ற மேலாண்மை பொன்னுச்சாமி, தம் ஊரான மேலாண்மறைநாட்டின் பெயரையே சுருக்கி முன்னொட்டாக்கிக் கொண்டவர். ‘மேலாண்மை’ என்று மட்டும் எழுதித் தேடும் வாசகர்க்கு நிருவாகவியல் கட்டுரைகள் வந்து குவிதல் இயல்பே. பொன்னுச்சாமியா, பொன்னுசாமியா என்னும் ஒற்றெழுத்து ஐயம் வேறு.

இவையெல்லாம் புலமை சார்ந்த இடையூறுகள். பொறுத்துக்கொள்ளலாம் என்று கூறுவோர் இருக்கக்கூடும். பட்டாசுத் தொழிலின் சொற்களுக்கு வரும்போது அவ்வாறு கூறவியலாது. பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் கலந்த கலவை மிகச் சிறு உராய்விலும் தீப்பற்றும் இயல்புடையது. அதனாற்றான் கந்தகத்தோடு எந்தக் குளோரேட்டையும் கலந்து வெடிபொருள் செய்வதை நடுவண் அரசு 1992-இல் தடைசெய்தது. இச்செய்தியைத் தமிழில் அறிய விழையும் ஒரு தொழிலாளியின் மகள் எச்சொல்லை எழுதித் தேடுவாள்? பள்ளிப் பாடத்தில் அவள் கண்டது ‘குளோரேட்’, விக்கியில் வழங்குவது ‘குளோரேட்டு’. கந்தகத்தை ‘சல்பர்’ எனவும், வெடியுப்பைப் ‘பொட்டாசியம் நைட்ரேட்’ எனவும் அவள் அறிந்திருப்பாள். கட்டுரைத் தலைப்பிலோ ‘நைத்திரேட்டு’ நிற்கும். தந்தை வீட்டில் சொல்லும் பெயர்கள் இவை எவையும் அல்ல. அவர் ‘பச்சை உப்பு’ என்பார். பச்சைச் சுடர் தரும் பேரியம் நைட்ரேட்டின் தொழிற்களப் பெயர் அது. மணிமணியாக ஆக்கி உலர்த்துவது மணிமருந்து. வெடியில் வைப்பது கருந்திரி. செய்தித்தாள்கள் விபத்துகளை எழுதும்போது இச்சொற்களையே ஆள்கின்றன. கலைக்களஞ்சியக் கட்டுரைகளோ இவற்றை அரிதாகவே ஏற்கின்றன.

பச்சை உப்பு மற்றோர் எச்சரிக்கையும் தருகிறது. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பேரிய உப்புகளையும் சரவெடிகளையும் விலக்கிப் பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் இசைவு வழங்கியது. பச்சையும் பசுமையும் ஒருபொருட் சொற்கள் என்று கொண்டு தானே விடையளிக்கும் ஒரு பொறி, பச்சை உப்பைத் தேடியவரைப் பசுமைப் பட்டாசுக்கு அனுப்பிவிடக்கூடும். பசுமைப் பட்டாசோ பச்சை உப்பு இல்லாதது. அகராதியில் ஒன்றாகும் இரு சொற்கள் தொழிற்களத்தில் நேர்எதிராகும் இடம் இது. இதனை அறிந்து வழி பிரித்துக் கொடுப்பவர் சிவகாசியை அறிந்தவராகவே இருத்தல் வேண்டும்.

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வூரின் பெயர் ‘முதலிபட்டி’ என ஒற்று மிகாமலும் எழுதப்படுகிறது. ஒரு பகரப் புள்ளி இருப்பதும் இல்லாததும் புணர்ச்சி விதி பற்றிய வாதமாகவே அவையில் பேசப்படும். அந்நாளைய செய்திகளைத் தேடும் பிள்ளைக்கு அப்புள்ளியே பக்கம் கிடைப்பதையும் கிடைக்காமற் போவதையும் அறுதியிடுகிறது.

தமிழ் விக்கிப்பீடியாவில் கிரந்த எழுத்துகளைக் குறித்தும், இலங்கைக் கலைச்சொல்லா தமிழகக் கலைச்சொல்லா என்பது குறித்தும் நெடிய வாதங்கள் நிகழ்ந்துள்ளன. தூய தமிழ்த் தலைப்பு வேண்டும் என்போர் பக்கம் வலுவான நியாயம் உண்டு. ‘நைத்திரேட்டு’ என எழுதுவது தமிழ் ஒலிமுறைக்கு ஒத்தது. அவ்வாறே தலைப்பிருப்பதில் பிழையில்லை. ஆனால் ‘நைட்ரேட்’ என்றும் ‘உப்பு’ என்றும் எழுதி வருபவரை வாயிலிலேயே திருப்பியனுப்பும் உரிமை எவர்க்கும் இல்லை. தலைப்பு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது விக்கியின் கட்டாயம். வழிகள் எத்தனையும் இருக்கலாம் என்பது அதன் வசதி. வாதத்தில் வெல்வதற்குச் செலவிட்ட உழைப்பில் ஒரு பகுதியேனும் வழி அமைப்பதற்குச் செலவாகியிருப்பின் நன்றாயிருந்திருக்கும்.

அவ்வழிக்கு விக்கியில் ‘வழிமாற்று’ என்று பெயர். ஒரு பெயரால் வருபவரை மற்றொரு பெயருள்ள பக்கத்துக்கு அஃது உடனே கொண்டு சேர்க்கும். பல பொருள் தரும் பெயராயின் ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ என்னும் பக்கம் அமைத்து, மருந்து எனின் நோய்க்குரியதா வெடிக்குரியதா என்று கேட்டு அனுப்பலாம். நிரல்கள் திருந்தும், திருந்திக்கொண்டும் வருகின்றன. எழுத்துவேறுபாடு, உருபு, சந்தி ஆகியவற்றின் பெரும்பகுதியைப் பொறியே ஒருநாள் கவனித்துக்கொள்ளும். ஆனால் பச்சை உப்பும் பேரியம் நைட்ரேட்டும் ஒன்று என்பதை எவ்விலக்கண விதியாலும் பெறவியலாது. தெரிந்தவர் எழுதிவைத்தாலன்றி அதற்கு வேறு வழியில்லை.

தேடித் தோற்ற சொற்களின் பட்டியல் கிடைத்தால் அதுவே சிறந்த வழிகாட்டி ஆகாதா என்பர். ஆகும். 2012-இல் விக்கிமீடியா நிறுவனம் வாசகர் தேடிய சொற்களின் பதிவை ஆய்வுக்கென வெளியிட்டது. தேடற்பெட்டியில் மக்கள் தம் சொந்தச் செய்திகளையும் எழுதிவிடுகின்றனர் என்பது தெரியவந்ததும் விரைவிலேயே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திரும்பப் பெற்றதே முறை. ஆகவே தோற்ற சொற்களை அறிய எஞ்சிய வழி, அச்சொற்களைப் பேசுவோரிடம் கேட்பதும், கேட்டவற்றை ஒவ்வொன்றாகத் தேடற்பெட்டியில் இட்டுப் பார்ப்பதுமே.

இவ்விடத்தில்தான் கவிஞர்களின் துணை வேண்டப்படுகிறது. கந்தக பூமியைப் பாடும் கவிஞர்களின் வரிகளில் சங்குசக்கரமும் தரைச்சக்கரமும், புஸ்வாணமும் பூச்சட்டியும், வேட்டும் வெடியும், தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கும் சிறுமியின் விரல்களும் வாராமல் இரா. பாட்டில் ஏறிய அச்சொற்கள் பட்டியலில் ஏறுவதில்லை. சொல்லைக் காதால் அறிந்தவர்கள் கவிஞர்களே. ஒரே பொருளுக்குத் தெருவுக்குத் தெரு மாறும் பெயரைக் கேட்டமாத்திரத்தில் பிரித்தறிபவர்களும் அவர்களே. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் எனப் பகுதிக்கு இருவராகப் பிரிந்து, தொழிற்சொற்களையும் ஊர்ப்பெயர் வேறுபாடுகளையும் குறித்துக்கொண்டு வந்தால், வட்டத்தின் ஒரு மாதக் கூட்டத்திலேயே அவற்றைத் தேடிப் பார்த்து, இல்லாதவற்றுக்கு வழியமைத்துவிடலாம். தொழிற்சொல்லுக்குப் பொருள் எழுதும்போது தொழிலாளி ஒருவர் உடனிருத்தல் நன்று. மருந்துப் பெயரில் நேரும் பிழை எதுகைப் பிழை போன்றதன்று. பக்கமே இல்லாத சொல்லாயின் விக்சனரியில் பொருளோடு சேர்க்கலாம். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவ்வகரமுதலியிலும் வட்டாரத் தொழிற்சொற்களுக்கு இன்னும் இடமுண்டு.

வழிமாற்றுப் பக்கம் எழுதுவதற்குப் பெரும் பயிற்சி வேண்டியதில்லை. இல்லாத பெயரில் புதுப்பக்கம் ஒன்றைத் திறந்து, முதல் வரியில் எண்குறியை இட்டு, அதனை ஒட்டி ‘வழிமாற்று’ என எழுதி, அடுத்து இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் உரிய கட்டுரையின் தலைப்பை எழுத்துப் பிழையின்றி எழுதிச் சேமித்தால் போதும். கட்டுரைத் தலைப்பை முதலில் உறுதி செய்துகொள்க. மற்றொரு வழிமாற்றை நோக்கி வழிமாற்று அமைத்தல் கூடாது. திருத்தண்காலிலிருந்தும் தங்காலிலிருந்தும் தொடங்கலாம். பச்சை உப்பு அடுத்து வரட்டும்.